பழைய ஹாட் ஹேட்ச்சுக்குப் பின் பிரேக் வேலை: ட்ரம்மைத் தேற்றுவதா, டிஸ்க் போடுவதா

2005-இல் வந்த முதல் மாருதி ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோல், அதற்கும் முன்னால் வந்த ஃபியட் பாலியோ 1.6 மாதிரி ஹாட் ஹேட்ச்களை, அதாவது துள்ளலாக ஓடுகிற சின்ன வண்டிகளை, இன்னும் விடாமல் வைத்திருக்கிறவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிறையப் பேர் உண்டு. டி.என். 74, டி.என். 75 நம்பரோடு நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் ரோட்டில் தினமும் பார்க்கலாம். ஸ்விஃப்ட் என்றால் ஆயிரம் கிலோவை ஒட்டிய எடை, 87 குதிரைசக்தி, ஸ்டீயரிங்கைத் தொட்டாலே மூக்கு திரும்பிவிடும். இன்றைக்கு வருகிற வண்டிகளில் அந்தச் சுகம் கிடைப்பது அபூர்வம், அதனால்தான் இருபது வருஷம் ஆன பிறகும் விற்க மனசு வருவதில்லை.

இந்த வண்டிக்காரர்கள் ஒரு கட்டத்தில் ஃபில்டர், சைலன்சர், அலாய் வீல், தாழ்த்துகிற ஸ்பிரிங் எல்லாம் முடித்துவிட்டு பிரேக்குக்கு வருகிறார்கள். வந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: “அண்ணே, பிரேக் பிடிக்க மாட்டேங்கு, பின்னாடியும் டிஸ்க் போட்டுரலாமா?” போடலாம். ஆனால் அதற்கு முன்னால் இருக்கிற ட்ரம்மை ஒழுங்காகத் தேற்றிப் பார்த்தீர்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். பின் பிரேக் வேலையில் பெரிய பாகம் போடுவதைவிட முக்கியம், பிரேக் பலம் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்கிற பங்கு. அது கெட்டால் எவ்வளவு செலவழித்துப் போட்ட டிஸ்க்கும் வண்டியைச் சுற்றிவிடத்தான் உதவும்.

பின் சக்கரம் எவ்வளவு வேலை செய்கிறது

முதலில் ஒரு கணக்கு. ஸ்விஃப்ட்டின் வீல்பேஸ் 2390 மி.மீ. எடையை 1000 கிலோ என்று வையுங்கள், நிற்கும்போது முன்னால் 600, பின்னால் 400. எடையின் மையம் தரையிலிருந்து அரை மீட்டருக்குச் சற்று மேலே, 530 மி.மீ. என்று கொள்வோம். காய்ந்த ரோட்டில் பலமாக பிரேக் அடித்து 0.8 ஜி அளவுக்கு (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) வேகம் குறைகிறது என்றால், 0.8 × 1000 × 530 ÷ 2390, கிட்டத்தட்ட 177 கிலோ பின்னாலிருந்து முன்னுக்குப் போய்விடும். அப்போது பின் இரண்டு டயரும் சேர்ந்து தாங்குவது 223 கிலோ. மொத்தப் பிடியில் பின் சக்கரத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதற்கு மேல் பின்னால் பிரேக் கொடுத்தால் டயருக்குப் பிடிப்பு இல்லை, லாக் ஆகும், அதாவது சக்கரம் சுற்றாமல் நின்று வழுக்கும்.

முன் சக்கரம் லாக் ஆனால் ஸ்டீயரிங் பேசாது, ஆனால் வண்டி நேராகப் போகும், பெடலை லேசாக விட்டால் திரும்பக் கைக்கு வரும். பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் வால் முன்னுக்கு வரப் பார்க்கும். எண்பதில் போகும்போது அதைத் திருத்திப் பிடிப்பது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை. அதனால்தான் கம்பெனிக்காரர்கள் எப்போதும் முன் சக்கரம் முதலில் லாக் ஆகும்படி வைக்கிறார்கள்.

இதில் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிற ஒரு இடம் உண்டு. மழை ரோட்டில் டெஸ்ட் பண்ணி, வால் ஆடவில்லை, பங்கு சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நனைந்த ரோட்டில் 0.5 ஜி அளவுக்குத்தான் பிரேக் பிடிக்கிறது என்று வையுங்கள், அப்போது முன்னுக்குப் போகிற எடை 110 கிலோதான், பின்னால் 290 கிலோ மிச்சம் இருக்கும். அதே வண்டியை மறுநாள் காய்ந்த ரோட்டில் முழு பலத்தோடு அடித்தால் பின்பக்கம் அதைவிட லேசாகிறது, லாக் ஆவது அப்போதுதான். ஆகவே மழையில் வால் ஆடாமல் நின்றதை வைத்து வெயிலுக்கும் சரி என்று நம்பிவிடாதீர்கள்.

முதலில் ட்ரம்மைத் தேற்றுவது

“பிரேக் பிடிக்கவில்லை” என்று வருகிற பழைய வண்டிகளில் பின் ட்ரம்மைக் கழற்றினால் கதை தெரிந்துவிடும். ஷூவுக்கும் ட்ரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்கிற அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகி நிற்கும், ட்ரம்மின் உள்பக்கத்தை அழுத்திப் பிடிக்க வேண்டிய ஷூ ட்ரம்மை விட்டு வெகுதூரம் விலகியிருக்கும், ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் ஒரு பக்கம் கசிந்து, ஷூ மேல் ஒட்டியிருக்கிற லைனரை நனைத்திருக்கும். குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரம் நிற்கிற வண்டிகளில் இது இன்னும் சீக்கிரம் வரும், உப்புக்காற்று அட்ஜஸ்டர் திரெட்டை முதலில் தின்னும். கடற்கரை மணலில் இறக்குகிற வண்டி என்றால் ட்ரம்முக்குள் மணல் புகுந்து உள்பக்கம் கோடுகோடாகக் கீறியிருக்கும்.

வேலையைத் தொடங்கும்முன் சமதளத்தில் நிறுத்தி, முன் டயர் இரண்டுக்கும் கட்டை வைத்து, முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை முழுசாக விடுங்கள். விடாவிட்டால் ட்ரம் கழறாது. ஜாக்கியில் தூக்கிய கையோடு ஸ்டாண்ட் வைத்துவிட வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் தலையைக் கொடுக்கக் கூடாது. பல மாருதி வண்டிகளில் வீல் பேரிங் ட்ரம்முக்குள்ளேயே இருக்கும், நடு நட்டைக் கழற்றினால்தான் ட்ரம் வெளியே வரும். அந்த நட்டின் உதட்டைத் தட்டி லாக் பண்ணியிருப்பார்கள், திரும்பப் போடும்போது புது நட்டுதான் போட வேண்டும், மேனுவலில் சொன்ன டார்க்கில் (முறுக்கு விசையில்). ட்ரம் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் சுத்தியலால் விளிம்பில் அடித்து உடைக்காதீர்கள். ட்ரம் முகத்தில் இரண்டு திரெட் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட்தான் பொருந்தும், இரண்டையும் மாறி மாறி முறுக்கினால் ட்ரம் தானாக வெளியே தள்ளிக்கொண்டு வரும்.

உள்ளே இருக்கிற தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனர்களில் கல்நார் (அஸ்பெஸ்டாஸ்) இருந்திருக்கலாம், அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் போனதுதான். தண்ணீரோ பிரேக் கிளீனரோ அடித்து நனைத்து, துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள், மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு போட்டோ. ஸ்பிரிங் எது எங்கே கொக்கி மாட்டியிருக்கிறது, அட்ஜஸ்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது எல்லாம் தெரிகிற மாதிரி. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள், சந்தேகம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். இடது அட்ஜஸ்டரும் வலது அட்ஜஸ்டரும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் பல வண்டிகளில் திரெட் எதிரெதிர்த் திசையில் இருக்கும். மாற்றிப் போட்டால் ஓட ஓட ஷூ இறுகுவதற்குப் பதில் தளர்ந்துகொண்டே போகும்.

வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விலக்கிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள், கிட் வாங்கி ரப்பர் மட்டும் மாற்றுவது இந்த வயசான வண்டிக்கு வேண்டாம். உள்சுவரில் துருக்குழி விழுந்திருந்தால் புது ரப்பரும் சில மாதத்தில் கசியும். இங்கே ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். சிலிண்டரின் உடம்பில் உள்விட்டம் பொறித்திருக்கும், பழையதில் என்ன இருந்ததோ அதுவே புதிதிலும் இருக்க வேண்டும். கடையில் “எல்லாம் ஒண்ணுதான்” என்று எடுத்துக் கொடுப்பார்கள். 17.46 மி.மீ. இருந்த இடத்தில் 19.05 மி.மீ. போட்டால் பரப்பளவு 19 சதவீதம் கூடும், பெடலில் அதே அழுத்தம் கொடுத்தாலும் பின் பிரேக் 19 சதவீதம் பலமாகப் பிடிக்கும். சும்மா ஒரு சிலிண்டர் மாற்றியதில் வண்டியின் பங்கே மாறிவிட்டது பாருங்கள். ஒரு பக்கம் ஒரு அளவு, மறுபக்கம் வேறு அளவு என்று போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், கேட்கவே வேண்டாம்.

ட்ரம்மின் அதிகபட்ச உள்விட்டம் ட்ரம்மிலேயே வார்த்திருக்கும். உள்ளே கோடு விழுந்திருந்தாலோ வட்டம் கோணியிருந்தாலோ லேத்தில் கொடுத்துக் கடையலாம், ஆனால் அந்த எண்ணைத் தாண்டினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள். மெலிந்த ட்ரம் சீக்கிரம் சூடேறும், விரிசல் விடவும் கூடும். இரண்டு பக்கத்தையும் ஒரே அளவுக்குக் கடைவதும் முக்கியம். லைனர் 1.5 மி.மீ.க்கு வந்துவிட்டால் ஷூவை ஜோடியாக மாற்றிவிடுங்கள். எண்ணெய் நனைந்த லைனரைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் வாட்டி, உப்புத்தாளால் தேய்த்து மறுபடி போடுகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தேய்த்தது மேல்தோல் மட்டும்தான், ஊறிய எண்ணெய் சூடேறும்போது திரும்ப மேலே வரும்.

பேக் பிளேட்டில் ஷூ உரசி நகர்கிற மேடுகளைத் துரு போகத் தேய்த்து, சூடு தாங்குகிற கிரீஸை நகக்கண் அளவுக்குத் தடவுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அட்ஜஸ்டர் திரெட்டை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, கையால் சுற்றினால் வழுக்கிக்கொண்டு ஓடுகிற அளவுக்குக் கொண்டுவாருங்கள். சிலிண்டர் ரப்பர் பக்கம் பெட்ரோல், மண்ணெண்ணெய், சாதாரண கிரீஸ் எதுவும் படக் கூடாது, ரப்பர் உப்பிவிடும். எல்லாம் மாட்டியபின் ட்ரம்மைச் சுற்றினால் ஷூ லேசாக உரசுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்க வேண்டும், சுற்று நிற்கக் கூடாது. பெடலைப் பல தடவை மிதித்து அட்ஜஸ்டர் செட் ஆனபிறகுதான் ஹேண்ட் பிரேக் கேபிளை இழுக்க வேண்டும். கேபிளை முதலில் டைட் பண்ணி, ஷூவை அதன் மூலமாக நெருக்கிக் கொண்டுவந்தால் ஆட்டோ அட்ஜஸ்டர் வேலையே செய்யாது. பின் பிரேக் தொங்கிப்போன வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு தவறுதான் காரணம் என்பது என் கருத்து.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தபின் வண்டியை ஓட்டிப் பாருங்கள். பெடல் மேலே வந்திருக்கும், முன் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பேட்டும் நல்லதாகப் போட்டிருந்தால் பலருக்கு அத்தோடு தேடல் முடிந்துவிடும். டிஸ்க் போடுகிற செலவில் நாலு நல்ல டயர் வாங்கலாம், பிரேக் தூரம் குறைவதற்கு அதுதான் முதல் மருந்து.

பிரேக் ஆயிலும் குழாயும்

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும், ஈரம் உறிஞ்சியபின் 140. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறியபின் 155. டாட் 5.1 என்றால் 260, 180. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் நம்முடையது, காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. நல்ல டாட் 4 ஊற்றி இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும், திறந்து வைத்த பழைய பாட்டிலை எடுத்து ஊற்றாதீர்கள். டாட் 5 என்பது சிலிக்கான், அதை மற்றதோடு கலக்கவே கூடாது.

பின் ஆக்சில் மேல் போகிற இரும்புக் குழாய் துருப்பிடித்துச் செதில் விட்டிருந்தால் பார்த்ததும் மாற்றுங்கள். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் கிடைத்தால் கடலோர வண்டிக்கு அதுதான் சரி. நுனியை இரட்டை மடிப்பாக ஃப்ளேர் பண்ண வேண்டும், ஒற்றை மடிப்பு வெடித்துவிடும். நட்டுக்குச் சாதாரண ஓபன் ஸ்பானர் போட்டால் முனை மழுங்கும், ஃப்ளேர் நட் ஸ்பானர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைத் தாழ்த்தியவர்கள் கவனிக்க

ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்கிற அமைப்பு) இல்லாத பல ஹேட்ச்பேக்குகளில் பின் ஆக்சிலுக்கு மேல் ஒரு வால்வு, அதிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு ஸ்பிரிங்கோ கம்பியோ போகும். வண்டியில் ஆள் ஏறினால் பாடி தாழும், வால்வு அதை உணர்ந்து பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலி வண்டியில் குறைத்துக்கொள்ளும். இப்போது தாழ்த்துகிற ஸ்பிரிங் போட்டீர்கள் என்றால் பாடி நிரந்தரமாகத் தாழ்ந்துவிடுகிறது, வால்வோ பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு காலி வண்டிக்கும் முழு அழுத்தம் விடுகிறது. காய்ந்த ரோட்டில் பின் சக்கரம் முதலில் லாக் ஆகும். தாழ்த்திய வண்டி பிரேக்கில் வாலை ஆட்டுகிறது என்றால் முதலில் குனிந்து இதைப் பாருங்கள். கம்பியின் நீளத்தைச் சரிசெய்ய இடம் இருக்கும், எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும். வால்வைக் கழற்றிவிட்டு நேராகக் குழாய் போட்டுவிடுகிற வேலையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

டிஸ்க் போட்டே ஆக வேண்டும் என்றால்

போடுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. திருவனந்தபுரம் பக்கத்துப் பொன்முடி மலைக்கு அடிக்கடி போகிறவர்கள், 22 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி வரும்போது ட்ரம் சூடேறினால் என்ன ஆகும் என்று பார்த்திருப்பார்கள். சூட்டில் ட்ரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே போகும். டிஸ்க் சூட்டில் பேட் பக்கமாகத்தான் தடிக்கும், வெளிக்காற்றில் சீக்கிரம் ஆறவும் செய்யும், மழையில் நனைந்தாலும் ஒரு சுற்றில் துடைத்துக்கொள்ளும். பேட் மாற்றுவதும் எளிது. இறங்கும்போது கியரில் பிடித்து இறங்கினால் ட்ரம்மும் தாங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் வேலைக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2019 திருத்தத்தில் 182ஏ பிரிவு வந்தபின், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டும் சேர்ந்தோ உண்டு. 15 வருஷம் முடிந்த வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டித்தான் புதுப்பிக்க வேண்டும் என்பதால் இது ஏட்டில் மட்டும் இருக்கிற விஷயம் இல்லை. முன்கூட்டியே அங்கே போய்க் கேளுங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுங்கள். டிராக்கில் மட்டும் ஓட்டுகிற வண்டிக்குப் பேச்சே வேறு.

பாகம் எங்கிருந்து? வெளிநாட்டில் விற்ற அதே தலைமுறை ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் உண்டு. இங்கே வந்த எஸ்-கிராஸ், 2017-இல் வந்த பலேனோ ஆர்.எஸ். இரண்டுக்கும் பின் டிஸ்க் உண்டு. ஒரே கம்பெனி என்பதற்காக அப்படியே வந்து உட்காரும் என்று நினைத்துக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். ஸ்டப் ஆக்சிலின் (பின் சக்கரம் சுற்றுகிற குட்டை அச்சின்) தடிமன், பேரிங் அளவு, போல்ட் வட்டம், ஏபிஎஸ் சென்சார் நிற்கிற இடம், டிஸ்க்கை இருபுறமும் பேட்டால் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் உங்கள் வீலுக்குள் அடங்குமா, எல்லாவற்றையும் பழைய பாகத்தையும் புதுப் பாகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்த பிறகு வாங்குங்கள்.

காலிப்பர் தேர்ந்தெடுக்கும்போது பிஸ்டன் அளவுதான் எல்லாம். ட்ரம்மில் முன் ஷூ சுற்றோடு சேர்ந்து தானாக இறுகும் குணம் உடையது, அதனால் சின்ன சிலிண்டரிலேயே நிறைய பலம் கிடைக்கிறது. டிஸ்க்குக்கு அந்தக் குணம் இல்லை, அதனால் பெரிய பிஸ்டன் வேண்டும். எவ்வளவு பெரியது? ஒரு உதாரணத்துக்கு 200 மி.மீ. ட்ரம், 19.05 மி.மீ. சிலிண்டர். சிலிண்டர் பரப்பு 285 சதுர மி.மீ., ட்ரம்மின் பெருக்குக் காரணி (சிலிண்டர் தள்ளுகிற பலம் பிரேக்கில் எத்தனை மடங்காகிறது என்பது) 2.2 என்று வைத்து, 100 மி.மீ. ஆரத்தால் பெருக்கினால் 62,700. டிஸ்க்கில் பிஸ்டன் பரப்பு, பேட் உராய்வு 0.38-இன் இரண்டு மடங்கு, பேட் பிடிக்கிற ஆரம் 105 மி.மீ., இந்த மூன்றையும் பெருக்க வேண்டும். 30 மி.மீ. பிஸ்டன் என்றால் ட்ரம்மைவிடப் பத்து சதவீதம் குறைவு. 34 என்றால் பதினாறு சதவீதம் அதிகம். 38 என்றால் நாற்பத்து நாலு சதவீதம் அதிகம்! எட்டு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் சாதுவான வண்டி ஆபத்தான வண்டியாகிறது. முன் டிஸ்க்கைப் பெரிதாக்காமல் பின்னால் 38 போட்டால் என்ன நடக்கும் என்று மேலே சொன்ன 223 கிலோ கணக்கை நினைத்துப் பாருங்கள். பழையதை ஒட்டிய பலம் வருகிற அளவைத்தான் எடுக்க வேண்டும்.

பெரிய பிஸ்டனுக்கு அதிக ஆயில் வேண்டும், அதனால் பெடல் கொஞ்சம் நீளமாகப் போகும். மாஸ்டர் சிலிண்டரை (பெடல் மிதித்ததும் ஆயிலை லைனுக்குள் தள்ளுகிற பாகத்தை) உடனே மாற்ற ஓடாதீர்கள், பெரிய மாஸ்டர் போட்டால் பெடல் கெட்டியாகும், காலில் அதிக பலம் கொடுக்க வேண்டியிருக்கும், முன் பிரேக்கும் சேர்ந்து மாறிவிடும்.

பின் பிரேக்கைக் குறைக்க அட்ஜஸ்ட் வால்வு ஒன்று போட்டால் போயிற்று என்று சொல்வார்கள். முன்சக்கர ஓட்டம் உள்ள பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் பிரேக் லைன் குறுக்காகப் பிரிந்திருக்கும். ஒரு சர்க்யூட் வலது முன், இடது பின். இன்னொன்று இடது முன், வலது பின். ஒன்று உடைந்தாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். இதில் ஒரே வால்வைப் போட வேண்டும் என்றால் இரண்டு பின் லைனையும் ‘T’ வடிவ இணைப்பு போட்டு ஒன்றாக்க வேண்டும், ஒன்றாக்கிய அந்த நிமிஷமே இரண்டு சர்க்யூட்டும் ஒன்றாகிவிட்டது. ஒரு இடத்தில் கசிந்தால் நாலு சக்கரமும் போய்விடும். இதைச் செய்து கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன, தயவுசெய்து செய்துகொள்ளாதீர்கள். குறுக்கு லைன் வண்டிக்கு இரண்டு தனி வால்வு வேண்டும், இரண்டும் ஒரே அளவில் நிற்க வேண்டும், அதற்குப் பதில் சரியான பிஸ்டன் அளவைத் தேர்ந்தெடுப்பதே மேல்.

ஹேண்ட் பிரேக் இல்லாத காலிப்பர் வேண்டவே வேண்டாம். பைக் காலிப்பரோ, வேறு வண்டியின் முன் காலிப்பரோ மாட்டிவிட்டு, ஹேண்ட் பிரேக் கேபிளைச் சுருட்டிக் கட்டி வைத்திருக்கிற வண்டிகளைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. கால் பிரேக்கும் பார்க்கிங் பிரேக்கும் தனித்தனியாக இருந்தே ஆக வேண்டும், அது விதி, அதைவிட அது உயிர். லீவர் சேர்ந்த காலிப்பரோ, டிஸ்க்கின் தொப்பிக்குள் சின்ன ட்ரம் உள்ளதோ வாங்குங்கள். லீவர் உள்ள காலிப்பரில் பிஸ்டனை நேராக அழுத்தினால் உள்ளே போகாது, சுற்றிக்கொண்டே அழுத்த வேண்டும், அதற்கான டூல் இல்லாமல் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் உள் மெக்கானிசம் உடையும்.

பிராக்கெட் செய்ய நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் நல்ல லேத் பட்டறைகள் உண்டு. முதலில் அட்டையில் வெட்டி அளவு பார்த்து, அப்புறம் தடித்த ஸ்டீல் பிளேட்டில் ஒரே துண்டாக வெட்டச் சொல்லுங்கள். வெல்டிங் வைத்து ஒட்டியதை வாங்காதீர்கள், ஸ்டப் ஆக்சிலில் வெல்டிங் நெருப்பே படக் கூடாது. போல்ட் விஷயத்தில் நம்ம ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை: படகு வேலை பார்க்கிற இடங்களில் ஸ்டெயின்லெஸ் போல்ட் தாராளமாகக் கிடைக்கும், துருப்பிடிக்காதே என்று ஆசை வரும். சாதாரண ஸ்டெயின்லெஸ் ஏ2-70 போல்ட்டின் இழுவை பலம் 700 மெகாபாஸ்கல், காலிப்பருக்கு வேண்டிய 10.9 போல்ட்டுக்கு 1000-க்கு மேல். துருவுக்குப் பயந்து பலத்தை விட்டுவிடாதீர்கள். 10.9 போடுங்கள், திரெட் லாக் தடவி டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள், தலையில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள், நகர்ந்தால் கண்ணுக்குத் தெரியும்.

மாட்டியபின் டிஸ்க் காலிப்பரின் நடுவில் ஓடுகிறதா பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் ஒரு பக்கம் தள்ளியிருந்தாலும் பேட் கோணலாகத் தேயும். ஹோஸ் சஸ்பென்ஷன் முழுசாகத் தொங்கும்போதும் முழுசாக அமுங்கும்போதும் இழுபடாமல், டயரில் உரசாமல் இருக்க வேண்டும், இரண்டு நிலையிலும் வைத்துக் கண்ணால் பார்த்தால்தான் திருப்தி. ஏபிஎஸ் உள்ள வண்டியில் சென்சாரும் அது படிக்கிற பல்சக்கரமும் பழைய இடைவெளியில் நிற்க வேண்டும், இல்லையென்றால் லைட் எரியும், அந்த ஏபிஎஸ்ஸை நம்ப முடியாது.

ஏர் எடுப்பது, பதப்படுத்துவது, டெஸ்ட்

ஏர் எடுக்க, அதாவது பிரேக் லைனுக்குள் நிற்கிற காற்றை வெளியேற்ற, இரண்டு பேர் வேண்டும். வலதுபக்க ஸ்டீயரிங் வண்டியில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமானது இடது பின் சக்கரம், பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள், உங்கள் வண்டிக்கு மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். ஏர் எடுக்கிற நிப்பிள் காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். இடது வலது மாற்றி மாட்டினால் நிப்பிள் அடியில் போய்விடும், எத்தனை லிட்டர் ஊற்றினாலும் காற்று மேலே தங்கி நிற்கும். பெடலை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள், பழைய மாஸ்டரில் அடி வரை மிதித்தால் துருப்பிடித்த பகுதியில் ரப்பர் கிழியும், அதனால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துக்கொள்வது நல்லது. டேங்கில் ஆயில் தீராமல் பார்த்துக்கொண்டே இருங்கள். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு பெடலைப் பலமாக அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. வண்டியை நகர்த்தாமல் கண்டுபிடியுங்கள்.

புதுப் பேட்டும் லைனரும் பழகுவதற்கு, ஆள் இல்லாத ரோட்டில் ஐம்பதிலிருந்து பதினைந்துக்கு மிதமாகப் பல தடவை குறைத்து, நடுநடுவே ஆறவிட்டு ஓட்டுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை அழுத்திக்கொண்டே நிற்காதீர்கள், ஹேண்ட் பிரேக்கையும் போடாதீர்கள்.

பங்கு சரியா என்று பார்க்கும் டெஸ்ட் பொது ரோட்டில் கிடையாது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ரோடு நீளமாக இருக்கிறதே என்று போகிறவர்கள் உண்டு, அது நெடுஞ்சாலை, போதாததற்கு ஆனி ஆடியில் அடிக்கிற குறுக்குக்காற்றில் வால் ஆடுவது பிரேக்காலா காற்றாலா என்றே தெரியாது. அனுமதி வாங்கி ஒரு காலி மைதானத்தில், காய்ந்த தரையில், நாற்பதில் போய் முழு பலத்தோடு அடியுங்கள். ஒரு நண்பர் தூரமாகப் பக்கவாட்டில் நின்று செல்போனில் ஸ்லோமோஷன் எடுக்கட்டும். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் முன் சக்கரம் முதலில் நிற்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். இரண்டும் ஒன்றாக நின்றாலோ, பின் சக்கரம் முதலில் நின்றாலோ அந்த வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவராதீர்கள், பின் பேட்டை உராய்வு குறைந்ததாக மாற்றுங்கள் அல்லது சின்ன பிஸ்டன் காலிப்பருக்குப் போங்கள். ஒரு ஆள், அப்புறம் நாலு ஆள், இரண்டு விதமாகவும் பார்க்க வேண்டும்.

முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீலைக் கழற்றி, போல்ட் தலைக் கோடு நகர்ந்திருக்கிறதா, ஹோஸ் உரசியிருக்கிறதா, நான்கு பேட்டும் ஒரே அளவில் தேய்கிறதா என்று பாருங்கள். ஹேண்ட் பிரேக் கேபிள் அதற்குள் கொஞ்சம் நீண்டிருக்கும், ஆறேழு கிளிக்கில் பிடிக்கிற மாதிரி திரும்ப இழுத்துவிடுங்கள். கடலோரத்தில் நிற்கிற வண்டியில் காலிப்பரின் சறுக்கு ஊசியும் லீவரும் இறுகுவது சகஜம், பின் பேட்டைக் கால் பிரேக் அதிகம் வேலை வாங்குவதில்லை என்பதால் இறுகியது வெளியே தெரியாது. மழைக்காலம் முடிகிற போதெல்லாம் ஊசியைக் கழற்றித் துடைத்து, ரப்பருக்கு ஒத்துப்போகிற சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். வண்டி நாள்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டு, டயருக்குக் கட்டை வையுங்கள்.